பெயர் விழாத ஃபிராங்க் தாமஸ் கார்டு: அசலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நண்பர்களே, அச்சுப்பிழை உள்ள பேஸ்பால் கார்டுகள் சேர்ப்பவர்கள் கொஞ்சம் கைகொடுங்கள்.

டாப்ஸ் நிறுவனம் வெளியிட்ட 1990 வரிசையின் 414ஆம் எண், பேஸ்பால் வீரர் ஃபிராங்க் தாமஸின் கார்டு ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. முன்பக்கம் அவர் பெயர் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருக்கிறது. பின்பக்கம் எல்லாம் சரி. உண்மையான பிழைக் கார்டில் கறுப்பு மை சில இடங்களில் விழாமல், படத்தைச் சுற்றியுள்ள மெல்லிய கோடும் அங்கங்கே அறுந்திருக்கும். இதிலும் கோடு அறுந்துதான் தெரிகிறது. ஆனால் சாதாரணக் கார்டில் பெயரைச் சுரண்டிவிட்டு விற்கிற ஆட்களும் உண்டே!

லென்ஸ் வைத்துப் பார்த்தால் எந்த இடத்தைக் கவனிக்க வேண்டும்? சுரண்டிய இடத்தில் பளபளப்பு மாறுமா? பிஎஸ்ஏ (கார்டு அசலா என்று சோதித்துத் தரமிடும் நிறுவனம்) சான்று இல்லாமல் வாங்கலாமா?

அப்புறம், 1957 டாப்ஸ் ஹாங்க் ஆரோன் கார்டை 'அபூர்வப் பிழை' என்று சொல்லி, தாமஸ் கார்டை விற்கிற அதே ஆள் கூடுதல் விலை கேட்கிறார். படம் இடவலம் மாறி, வலக்கை ஆட்டக்காரர் இடக்கையராக நிற்பது நிஜம்தான். ஆனால் டாப்ஸ் அதைத் திருத்தவே இல்லை, எல்லாப் பிரதியும் அப்படித்தான். இதனால்தான் விற்கிறவர்மேல் சந்தேகமே வந்தது.

தெளிவான படங்கள் இருக்கின்றன, கேட்டால் அனுப்புகிறேன்.