புகை வருது, கங்கு வரல. கடைகோல்ல எங்க தப்பு?

வைப்பாற்றுக்கரை:
ஒன்பதாவது படிக்கிற மகன், "கட்டைய உரசினா தீ வரும்னு போட்டிருக்கே, செஞ்சு காட்டுங்கப்பா"ன்னான். சரின்னு சொல்லித் தொலைச்சுட்டேன். மூணு ஞாயிற்றுக்கிழமை போயிருச்சு.

அடிப்பலகை வேம்பு. கடைகோலும், அதான் வில்லுக் கயித்துல சுத்திப் பலகைக் குழியில சுழட்டுற குச்சி, வேம்புதான், கட்டைவிரல் தண்டி. வில்லுக்கு வளைஞ்ச புளியங்கம்பு, பருத்திக் கயிறு. மேல அமுக்கிப் பிடிக்கத் தேங்காய்ச் சிரட்டை. ரெண்டு நிமிஷத்துல புகை வந்துருது. அப்புறம் கோல் கீச்சு கீச்சுனு கத்துது, குழி எண்ணெய் தேச்ச மாதிரி பளபளன்னு ஆயிருது, புகையும் நின்னுருது. வலது தோளைத் தூக்க முடியல. எங்க தப்பு பண்றேன்?

குச்சிமருந்து:
சாத்தூர்ப் பக்கம் இருந்துக்கிட்டு கேக்குற கேள்வியா இது? தெருவுக்கு ஒரு தீப்பெட்டி ஆபீஸ் இருக்குமே! 2021 டிசம்பர்ல பெட்டிய 2 ரூபா ஆக்குன கோபம் இன்னும் தீரலையா?

மலையடிவாரம்:
பளபளப்பும் கீச்சுச் சத்தமும் ஒரே நோய்தான். மரம் மரத்தை அரைக்கல, மெருகு போடுது. கோல் முனையையும் குழியையும் கத்தியால சுரண்டிவிட்டு, ஒரு சிட்டிகை மணல் போட்டுக் கடைஞ்சு பாருங்க.

ஆனா எனக்கு வேற சந்தேகம். குழியில இருந்து பலகை ஓரத்துக்கு வெட்டு விட்டீங்களா? நீங்க சொல்லவே இல்ல. தீப்பிடிக்கிறது கோலும் இல்ல, பலகையும் இல்ல, அந்தத் தூள்தான். குழி வட்டத்துல எட்டுல ஒரு பங்கு, தர்பூசணியில கீத்து எடுத்த மாதிரி வெட்டணும். வெட்டோட கூர்முனை நடுவைத் தொடாம கொஞ்சம் தள்ளி நிக்கட்டும். தூள் அதுவழியா இறங்கி, கீழ வச்ச காய்ஞ்ச இலைமேல ஒரே குவியலாச் சேரணும். சிதறினா சூடு போச்சு. தூள் வெளிர் பழுப்பா வந்தா அமுக்கமோ வேகமோ பத்தல. காப்பிப்பொடியைவிடக் கறுப்பா வரணும். கோலை எடுத்த பிறகும் தூள்ல இருந்து தானாப் புகைஞ்சா கங்கு பிறந்தாச்சு. உடனே ஊதாதீங்க, கையால விசிறுங்க. அப்புறம் குருவிக்கூடு மாதிரி பிரிச்ச தேங்காய் நாருக்குள்ள தள்ளுங்க.

மரத்தையும் மாத்துங்க. நான் வச்சிருக்கிற கோல், பூத்துக் காய்ஞ்ச ஆனைக்கத்தாழைத் தண்டு. ரயில் பாதை ஓரமா நிக்குமே, அதேதான். அமுக்கினா நகம் பதியும். எருக்கந்தண்டும் ஆகும், பால் சுத்தமா வத்தியிருக்கணும்.

பழைய தமிழ் வாத்தியார்:
காய்ந்த கோல் என்றதும் புறநானூறு 315 ஞாபகம் வந்தது. ஔவை அதியமானை "இல்லிறைச் செரீஇய ஞெலிகோல்" என்கிறார். இறை என்பது கூரையின் இறவாரம். அங்கே செருகி வைத்த தீக்கடைகோல் இருக்கிற இடமே தெரியாது. வேண்டிய நேரத்தில் தீயைக் கக்கும். அவனும் அப்படித்தானாம். எத்தனையோ வருஷம் இந்தப் பாட்டை நடத்தியிருக்கிறேன், கோலைக் கொண்டுபோய் ஏன் அங்கே செருகினார்கள் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. மழை படாது, அடுப்புப் புகையும் அந்த வழியாகத்தானே போகும்! இன்றைக்குத்தான் உறைத்தது.

வைப்பாற்றுக்கரை:
வெட்டு விடவே இல்லண்ணே. வேப்பங்கட்டையும் போன மாசம் வெட்டுனது. வாத்தியாரய்யா, எங்க வீடு கான்கிரீட்டு, பரண்ல போட்டுட்டேன்.

இன்னைக்குக் கத்தாழைத் தண்டு கொண்டாந்தேன். கயிறு ரெண்டு தடவை அறுந்துச்சு. மூணாவது தடவை தூள் நல்லாக் கறுத்து, கோலை எடுத்தப்புறமும் தையல் நூல் கணக்கா ஒரு புகை நின்னுச்சு. நான் வாயத் திறக்குறதுக்குள்ள மகன் சந்தோஷத்துல பூன்னு ஊதிட்டான். தூள் அத்தனையும் என் வேட்டியில.

பலகையில இன்னும் ரெண்டு குழிக்கு இடம் இருக்கு.