1/350 கற்பனைக் குரூசர், கிட் இல்லாமல் ஸ்டைரீனில்: அளவு நம்பும்படி இருக்கிறதா? ஹல்லை எப்படித் தொடங்குவது?

தகடு07:
வணக்கம். முழுக்க ஸ்டைரீன் (பிளாஸ்டிக்) ஷீட்டிலிருந்தே ஒரு லைட் குரூசர் (நடுத்தர அளவுப் போர்க்கப்பல்) மாடல் கட்டப்போகிறேன். கற்பனை இதுதான்: 1936 லண்டன் உடன்படிக்கைக்குப் பிறகு, இல்லாத ஒரு நாடு பிரிட்டிஷ் கட்டுந்துறையில் ஆர்டர் கொடுத்து வாங்கிய கப்பல். அதனால், போர்க்கப்பல் அளவைக் கட்டுப்படுத்திய அந்த உடன்படிக்கையின் வரம்பான 8,000 டன்னையே வைத்துக்கொண்டேன். வாட்டர்லைனில் (தண்ணீர் மட்டக் கோட்டில்) நீளம் 165 மீட்டர், அகலம் 17, மிதவை ஆழம் 5.5. மூன்று குழல் 6 அங்குல டரட் (சுழலும் பீரங்கிக் கூண்டு) ஐந்து. வேகம் 36 நாட் (மணிக்கு 36 கடல் மைல்). ஸ்கேல் 1/350, தண்ணீருக்குக் கீழ்ப்பகுதியும் சேர்ந்த முழு ஹல் (கப்பலின் உடல்).

கையில் 0.5 மிமீ, 1 மிமீ ஹிப்ஸ் (ஸ்டைரீன் வகை) ஷீட் இருக்கிறது. ஹல்லுக்கு ஃப்ரேம் (குறுக்கு விலா) வைத்துத் தோல் போர்த்துவதா, அடுக்கடுக்காக ஒட்டிச் செதுக்குவதா? அதற்கு முன், கப்பல் தெரிந்தவர்கள் பார்த்தால் இந்த அளவுகளை நம்புவார்களா?

மீகாமன்:
நம்ப மாட்டார்கள், நண்பரே. ஆனால் கொஞ்சம் திருத்தினால் போதும்.

முதலில் எடை. நீளம், அகலம், ஆழம் மூன்றையும் பெருக்கி, அதை 0.55-ஆலும் 1.025-ஆலும் பெருக்குங்கள். 0.55 என்பது, அந்த மூன்று அளவுள்ள பெட்டியில் அந்தக் காலக் குரூசர் ஹல் ஏறத்தாழ அடைக்கும் பங்கு. 1.025 கடல்நீரின் அடர்த்தி. உங்கள் எண்களுக்கு விடை 8,700 டன். உடன்படிக்கையில் சொல்லும் 8,000 டன்னில் எரிபொருளும் கொதிகலனுக்கான கூடுதல் நீரும் சேராது. அவற்றை ஏற்றினால் சுமார் 9,700 ஆகிவிடும். மிச்சமுள்ள 1,000 டன்னைத் தாங்க, நீங்கள் வரைந்த கோட்டைத் தாண்டி இன்னும் அரை மீட்டர் கப்பல் அமிழும். மாடலில் அது ஒன்றரை மில்லிமீட்டர். சிவப்பு பெயிண்ட் முழுக்கத் தண்ணீருக்குள், கறுப்புப் பட்டை பாதி தண்ணீருக்குள் என்று ஆகிவிடும்.

அடுத்து ஐந்து டரட். அதைச் செய்தவர்கள் இருக்கிறார்கள், என்ன விலை கொடுத்தார்கள் என்று பாருங்கள். அமெரிக்காவின் புரூக்ளின் வகுப்பில் 15 பீரங்கி. அதற்கு 185 மீட்டர் நீளமும் 9,700 டன்னும் ஆயின. 1,00,000 குதிரைத்திறன் போட்டும் வேகம் 32.5 நாட்தான். 15 பீரங்கியும் வேண்டும், 35 நாட்டுக்கு மேலும் வேண்டும் என்று ஜப்பான் கட்டியது மொகாமி. 1,52,000 குதிரைத்திறன். எடையை மிச்சம் பிடிக்க வெல்டிங்கில் இறங்கினார்கள். 1935-ல் ஓட்டிப் பார்த்தபோதே ஹல் கோணியது, அதே ஆண்டு செப்டம்பர் புயலில் இன்னும் சேதம். பிறகு ஹல்லைப் பலப்படுத்திப் பக்கவாட்டில் உப்பல் சேர்த்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டே தொமொசுரு என்ற டார்பிடோ படகு தலைகனத்தால் கவிழ்ந்திருந்தது. காகிதத்தில் எடையைக் குறைத்துக் காட்டலாம், கடலில் முடியாது.

8,000 டன்னுக்குள் பிரிட்டிஷார் கட்டியது ஃபிஜி வகுப்பு. 169 மீட்டர், நான்கு டரட், 80,000 குதிரைத்திறன். அதிலேயே கழுத்தைப் பிடிக்கிற நெருக்கடி. விமான எதிர்ப்புப் பீரங்கிகள் கூடக்கூட, பலவற்றில் பின்பக்கத்து மேல் டரட்டைக் கழற்றினார்கள். உகாண்டா, சிலோன் போன்ற பிந்திய கப்பல்கள் ஒன்பது பீரங்கியோடுதான் கட்டப்பட்டன.

என் யோசனை: முன்னால் இரண்டு டரட், பின்னால் ஒன்று. அகலம் 18.5, முழுச்சுமையில் ஆழம் 5.8. கணக்குப் போட்டால் 9,980 டன் வருகிறது, கொஞ்சம் இடைவெளியும் கிடைக்கிறது. வேகத்தை 32 நாட் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

டெக்குக்கு மேல் தெரிவதையெல்லாம் டெக்குக்குக் கீழே இருப்பதுதான் தீர்மானிக்கிறது. புகைபோக்கியின் கீழே கொதிகலன் அறை, டரட்டின் நேர் கீழே வெடிமருந்துக்கிடங்கு. பக்கவாட்டுப் படத்தில் இவற்றைப் பெட்டி பெட்டியாக வரைந்து பாருங்கள், ஒன்றை ஒன்று மிதிக்கக் கூடாது. கொதிகலன் அறை, இயந்திர அறை, மறுபடி கொதிகலன் அறை, இயந்திர அறை என்று மாற்றி மாற்றி வைத்தால் ஒரே அடியில் கப்பல் முடங்காது. அந்த அமைப்பால்தான் இரண்டு புகைபோக்கிகளும் தள்ளித்தள்ளி நிற்கின்றன. நடுவில் விழும் காலி இடத்தில் விமானம் ஏவும் கேட்டபுல்ட்டை வைத்தார்கள். புகைபோக்கி அழகுக்காக அல்ல என்பது இங்கே கண்ணுக்குத் தெரியும்.

டரட்டுக்கு இன்னொரு சோதனை. டரட்டின் மேல்பார்வையைக் குழலோடு அட்டையில் வெட்டி, நடுவில் குண்டூசி குத்தி, டெக் படத்தின் மேல் சுற்றிப் பாருங்கள். குழல் பிரிட்ஜிலோ (கப்பலைச் செலுத்தும் மேல்கட்டடம்) பக்கத்து டரட்டிலோ முட்டினால் இப்போதே நகர்த்திவிடலாம்.

அரம்_உளி:
எடைக் கணக்கை மீகாமன் சார் முடித்துவிட்டார். ஹல்லுக்கு வருகிறேன். திருத்திய அளவுகள் 1/350-ல்: வாட்டர்லைன் 471.4 மிமீ, அகலம் 52.9, ஆழம் 16.6. மூக்கு நுனியிலிருந்து பின்கோடிவரை 171 மீட்டர் என்று வைத்தால் 488.6.

ஃப்ரேம் முறையே போங்கள். கீலுக்கு (அடியில் ஓடும் முதுகெலும்பு) 1 மிமீ ஷீட் இரண்டை ஒட்டி 2 மிமீ ஆக்கி, கண்ணாடிமேல் கனம் வைத்து ஒரு நாள் முழுக்க விடுங்கள். ஃப்ரேம் 21, இடைவெளி 23.6 மிமீ. முதல் இரண்டு இடைவெளியிலும் கடைசி இரண்டிலும் ஹல்லின் வடிவம் வேகமாக மாறும், அங்கே மட்டும் நடுவில் ஒரு ஃப்ரேம் கூடுதல். எல்லா ஃப்ரேமையும் விளிம்பில் 0.5 மிமீ குறைத்து வெட்டுங்கள், மேலே வரப்போகும் தோலின் கனம் அது. மறந்தால் அகலம் 1 மிமீ கூடும், நிஜக் கப்பலில் 35 சென்டிமீட்டர்.

கட்டுவது தலைகீழாக. டெக் நடுவில் தாழ்ந்து மூக்கில் உயர்வதால், டெக்கைப் பலகையில் கவிழ்த்தால் படியாது. ஒவ்வொரு ஃப்ரேமையும் டெக்குக்கு மேலே ஒரே மட்டம்வரை நீட்டி வெட்டி, அந்த நீட்டலைப் பலகையில் ஒட்டுங்கள். ஹல் முடிந்ததும் நீட்டலை அறுத்துவிடலாம். டெக் குறுக்குவாட்டில் நடுவில் மேடாக இருக்கும், அகலத்தில் ஐம்பதில் ஒரு பங்கு. உங்களுக்கு 1 மிமீ. அதை ஃப்ரேமிலேயே வரைந்துவிடுங்கள்.

தோல் போர்த்துவதில்தான் பெரும்பாலான ஹல் கெடுகிறது. சால்வென்ட் பசை ஃப்ரேம்மேல் ஷீட்டை இளக்கி உள்ளே இழுக்கும். அதோடு உப்புத்தாள் போடும்போது ஃப்ரேம்களுக்கு இடையே ஷீட் அமுங்கிக் கொடுத்துத் தப்பிவிடும், ஃப்ரேம்மேல் மட்டும் தேயும். பெயிண்ட் அடித்த பிறகு பட்டினி கிடந்த மாட்டின் விலா மாதிரி ஒவ்வொரு ஃப்ரேமும் எண்ணிவிடலாம். தடுக்க ஒரே வழி, தோல் போடும் முன் இடைவெளிகளில் பால்சா கட்டையை எபாக்ஸியில் ஒட்டி, ஃப்ரேம் விளிம்புமட்டம் தேய்த்துவிடுவது. ஓரிரு ஃப்ரேம் இடைவெளிகளைக் காலியாக விட்டாலும், டெக்கில் புகைபோக்கி வரும் இடத்தில் 3 மிமீ துளை போட்டு விடுங்கள். உள்ளே அடைபட்ட சால்வென்ட் ஆவி வாரக்கணக்கில் ஸ்டைரீனை இளக்கிக்கொண்டே இருக்கும்.

நடுப்பகுதியின் செங்குத்துப் பக்கங்கள் சுலபம், 0.5 ஷீட் ஒரே துண்டாகப் போகும். அடிவயிறு வளையும் இடத்தில் 3 மிமீ பட்டைகள், இரு முனைகளிலும் 2 மிமீக்குக் குறுகலாகச் சீவியவை. ஒரு பட்டை இடப்பக்கம், அடுத்தது வலப்பக்கம் என்று மாற்றி மாற்றித்தான் ஒட்ட வேண்டும். ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மறுபக்கம் போனால் ஹல் வாழைப்பழமாக வளையும், பிறகு எதைச் செய்தும் நிமிராது. மூக்கின் விரிவு இரண்டு திசையில் வளைவதால் ஷீட் படியாமல் முரண்டு பிடிக்கும். பல பிரிட்டிஷ் குரூசர்களில் மூக்குப் பக்கவாட்டில் ஒரு மடிப்புக் கோடு ஓடும். அதை உங்கள் கப்பலிலும் வைத்தால், கோட்டுக்கு மேலே ஒரு துண்டு, கீழே ஒரு துண்டு என்று வேலை பாதியாகும். பாணிக்கும் பொருத்தம்.

பள்ளங்களுக்குச் சாதாரண புட்டியை ஒரே தடவையில் அப்பாதீர்கள், காய்ந்து உள்வாங்கும். சூப்பர்க்ளூவோடு டால்கம் பவுடர் குழைத்தது உள்வாங்காது. ஆனால் ஒரு மணி நேரத்துக்குள் தேய்த்துவிட வேண்டும், மறுநாள் அது ஸ்டைரீனைவிடக் கெட்டியாகி, சுற்றியுள்ள ஷீட்தான் தேயும்.

சன்போர்டு_சாமி:
இவ்வளவு எதற்கு அண்ணே? பெயர்ப்பலகைக் கடையில் 3 மிமீ, 5 மிமீ சன்போர்டு கிடைக்கிறது. வாட்டர்லைனுக்குக் கீழே 5 மிமீ மூன்று அடுக்கு, அதோடு 1 மிமீ, 0.5 மிமீ ஷீட் ஒவ்வொன்று சேர்த்தால் ஏறத்தாழ 16.6 வந்துவிடும். ஒவ்வொரு அடுக்கையும் அந்த மட்டத்தின் வடிவத்துக்கு வெட்டி ஒட்டினால், படிகளைத் தேய்த்தெடுப்பது மட்டும்தான் வேலை. விலா எலும்புப் பிரச்சினையே கிடையாது.

அரம்_உளி:
கீழ்ப்பாதிக்கு ஒத்துக்கொள்கிறேன், செலவும் குறைவு. இரண்டு எச்சரிக்கை. சன்போர்டு பிவிசி நுரை. ஸ்டைரீனுக்கான மெல்லிய சிமென்ட் அதில் சரியாகப் பிடிக்காது, சூப்பர்க்ளூ அல்லது எபாக்ஸிதான். தேய்த்ததும் பொடிப்பொடித் துளைகள் திறந்துகொள்ளும். சூப்பர்க்ளூவை மெல்லியதாகப் பூசி, தேய்த்து, அதன்மேல் சர்ஃபேசர் 500 (கெட்டியான ப்ரைமர்) இரண்டு கோட். வாட்டர்லைனுக்கு மேலே ஃப்ரேமும் ஸ்டைரீனுமே வைத்துக்கொள்ளுங்கள். போர்ட்ஹோல் (வட்ட ஜன்னல்) துளைக்கும்போது நுரையில் விளிம்பு சிதையும்.

தகடு07:
மிக்க நன்றி. மூன்று டரட், 18.5 மீட்டர் என்று படத்தைத் திருத்திவிட்டேன். கீழே சன்போர்டு, மேலே ஃப்ரேம். அடுத்த சந்தேகம்: போர்ட்ஹோல், தகடு இணைப்பு, கைப்பிடிக் கம்பி இவற்றில் எதை எவ்வளவு காட்டுவது? தகடு கோடுகளை ஸ்க்ரைப் பண்ணலாமா?

மீகாமன்:
ஸ்க்ரைப் வேண்டாம். 12 மிமீ இரும்புத் தகடு 1/350-ல் 0.03 மிமீ. கத்தியால் கீறினால் கிடைப்பது வாய்க்கால். தகடு ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருப்பதைக் காட்ட, மாஸ்கிங் டேப் ஒட்டி ஒன்றுவிட்டு ஒரு வரிசைக்குச் சர்ஃபேசர் 1000 ஒரு கோட் அடித்து டேப்பை உரித்தால் போதும். வரிசை உயரம் 4 முதல் 5 மிமீ. சாய்த்துப் பார்த்தால் மட்டும் தெரிய வேண்டும்.

போர்ட்ஹோல் விட்டம் 0.9 மிமீ. ஹல்லில் டேப் ஒட்டி அதன் மேல்விளிம்பை வழிகாட்டியாக வைத்து, ஊசியால் புள்ளி குத்துங்கள். 0.5 பிட்டைக் கையால் சுழற்றி வழி போட்டு, பிறகு 0.9. ஊசிப்புள்ளி இல்லாமல் நேரே 0.9 வைத்தால் பிட் வழுக்கும், வரிசையில் ஒன்று கால் மிமீ தவறினாலும் முதலில் கண்ணில் படுவது அதுதான். பெயிண்ட் முடிந்தபின் ஒவ்வொன்றிலும் ஒரு துளி பளபளப்பு வார்னிஷ். கவசப் பட்டை வரும் நீளத்தில் போர்ட்ஹோலே கூடாது, கவசத்தில் யாரும் ஜன்னல் வைப்பதில்லை.

ஸ்கேலைக் காட்டிக்கொடுப்பது மனிதன் புழங்கும் பொருள்கள்தான். தளத்துக்குத் தளம் 7 மிமீ, கதவு 5 மிமீ, கைப்பிடிக் கம்பி 3 மிமீ. கதவு 7 மிமீ ஆகிவிட்டால் உங்கள் குரூசர் பார்வைக்குச் சின்னப் படகாகச் சுருங்கிவிடும். கம்பி வேலியை மட்டும் எட்ச் செய்த பித்தளையில் வாங்கிவிடுங்கள், அதைக் கையால் செய்வது வீண் பிடிவாதம்.

குழல்: 50 காலிபர் 6 அங்குலம், அதாவது துளை விட்டத்தைப்போல் 50 மடங்கு நீளம், என்றால் 7.6 மீட்டர், ஸ்கேலில் 21.7 மிமீ. அதில் ஒரு பகுதி டரட்டுக்குள் போய்விடும், முழுதும் வெளியே நீட்டாதீர்கள். பித்தளைக் குழாய், துளை 0.4. இன்னொன்று, பிரிட்டிஷ் மூன்று குழல் 6 அங்குல டரட்டில் நடுப்பீரங்கி 30 அங்குலம் உள்தள்ளி இருக்கும். மூன்றும் சேர்ந்து சுடும்போது குண்டுகள் ஒன்றையொன்று பாதிக்காமலிருக்க அந்த ஏற்பாடு. லண்டனில் நிற்கும் பெல்ஃபாஸ்ட் குரூசரின் படங்களில் தெளிவாகத் தெரியும். உங்களுக்கு 2.2 மிமீ. பிரிட்டனில் கட்டிய கப்பல் என்று எழுதி ஒட்டாமலே புரியவைக்கும் விஷயம் இது.

அரம்_உளி:
கொடிமரங்களைப் பித்தளைக் கம்பியில் செய்யுங்கள், கீழே 0.8, மேலே 0.5. ஸ்டைரீன் கம்பி ரிகிங்கின் (கொடிமரக் கயிறுகளின்) இழுப்பில் ஒரே மாதத்தில் வளையும். ரிகிங்குக்கு ஸ்ப்ரூவை (கிட் பாகங்கள் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் சட்டம்) சூடாக்கி இழுத்த நூலே போதும். தொய்ந்தால் எரியும் ஊதுபத்தி நுனியை ஒரு சென்டிமீட்டர் தள்ளிக் காட்டினால் தானே இறுகும். தொட்டால் அறுந்துவிடும், அவசரப்படாதீர்கள்.

வாட்டர்லைன் கோட்டை டேப் வைத்துக் கண்ணளவில் போடாதீர்கள். ஹல்லைக் கண்ணாடிமேல் மட்டமாக நிறுத்தி, கீலின் அடியிலிருந்து 16.6 மிமீ உயரம் வரும்படி ஒரு கட்டையில் பென்சிலைக் கட்டி, கட்டையைச் சுற்றிலும் நகர்த்துங்கள்.

பிசின்_பிரிண்டர்:
ஒரே மாதிரி நிறைய வேண்டியவற்றை, படகு, விமான எதிர்ப்புப் பீரங்கி, டைரக்டர் (பீரங்கிக்குக் குறிபார்க்கும் கருவி), காற்றுக்குழாய் எல்லாம், ரெசின் பிரிண்டில் எடுக்கலாம். 0.03 மிமீ லேயர், சாய்த்து வைத்து எடுக்கவும், தட்டையாக வைத்தால் படிக்கட்டு தெரியும். ஹல்லைப் பிரிண்ட் செய்யும் ஆசை வந்தால் விட்டுவிடுங்கள். நீளம் பெரும்பாலான வீட்டு மெஷினுக்குள் அடங்காது, துண்டாக எடுத்தால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக முறுக்கும். மெல்லிய குழல்களும் ரெசினில் வேண்டாம், கை பட்டாலே ஒடியும்.

தகடு07:
நடுப்பீரங்கி உள்தள்ளல் தெரியாது, டரட் முகப்பை மாற்றி வரைகிறேன். ஃப்ரேம் வெட்டியதும் படம் போடுகிறேன்.