பாவித்த மொனிட்டரை வீட்டிலேயே சரிபார்ப்பது எப்படி?

ஆரையம்பதி அல்பம்:
கல்முனையில் ஒரு கடையில் 24 அங்குல மொனிட்டர் ஒன்று, பாவித்தது, வாங்கினேன். 1920 × 1080 பிக்சல் (திரையின் நுண்புள்ளிகள்), ஐபிஎஸ் என்ற எல்சிடி வகைப் பனல். ஒரு கிழமைக்குள் திருப்பிக் கொடுக்கலாம் என்றார்கள். இன்றைக்கு மூன்றாம் நாள். எனக்குக் கல்யாண அல்பம்தான் தொழில். கூறைச் சேலையின் சிவப்பும் பெண்ணின் முகமும் பிழைத்தால் வீட்டுக்காரர் அல்பத்தைக் கையில் வாங்கமாட்டார்கள். நேற்றிரவு திரை கறுப்பானபோது வலது கீழ் மூலையில் மஞ்சள் வெளிச்சம் தெரிந்தது. நடுவில் ஊசிமுனை அளவில் ஒரு பச்சைப் புள்ளியும் இருக்கிறது. கருவி எதுவும் இல்லாமல் எப்படிப் பார்ப்பது?

மீன்பாடும் ஊர்:
தம்பி, முதலில் மெல்லிய துணியால் துடையுங்கள், தூசியாகவும் இருக்கலாம். பிறகு பெயின்ரில் அதே 1920 × 1080 அளவில் சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை, கறுப்பு என்று தனித்தனியாக நிரப்பிச் சேமித்து, முழுத்திரையில் போடுங்கள். ஒரு பிக்சலுக்குள் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று துண்டு. கறுப்பில் பச்சையாக மின்னினால் பச்சைத் துண்டு அணையாமல் சிக்கிவிட்டது. எல்லா நிறத்திலும் கறுப்பாகவே நின்றால் செத்த பிக்சல். விரலால் அழுத்த வேண்டாம், பனல் பழுதாகிவிடும்.

மூலை வெளிச்சத்தை இரவில் பாருங்கள். அரை மணி நேரம் ஓடவிட்டு, லைற்றை அணைத்து, கறுப்பைப் போட்டுத் தலையை இங்கும் அங்கும் நகர்த்துங்கள். கூடிக் குறைந்தால் ஐபிஎஸ்ஸின் இயல்பு. அசையாமல் நின்றால் பின்விளக்குக் கசிவு. போனில் படமெடுத்து முடிவு செய்யாதீர்கள். இருட்டில் கமரா வெளிச்சத்தைக் கூட்டித்தான் காட்டும்.

காரைதீவான்:
அல்பத்துக்கு நடுச் சாம்பலையும் பாருங்கள். மூன்று நிறத்துக்கும் 128 கொடுத்து நிரப்புங்கள். மற்ற நிறங்களில் ஒளிகிற குறை அதில் தெரியும். கறுப்பு முழுக்கச் சாம்பலாக வெளிறியிருந்தால், கணினி எச்டிஎம்ஐ வயரால் அனுப்பும் நிற அளவு, முழு 0-255 இல் இல்லாமல், 16-235 இல் நிற்கும். கணினியின் கிராபிக்ஸ் செற்றிங்கில் 0-255 ஆக்குங்கள்.

ஆரையம்பதி அல்பம்:
இரண்டு பேருக்கும் நன்றி அண்ணன்மார். தலையை நகர்த்த மூலை வெளிச்சம் குறைந்தது, அது சரி. பச்சைப் புள்ளி அப்படியேதான், அதைப் பொறுத்துக்கொள்வேன். சாம்பலைப் போட்டதும்தான் நெஞ்சு திக்கென்றது. இடப்பக்கம் நாலு விரல் அகலத்துக்கு ரோஸ் படிந்திருக்கிறது. ஒரு பெண்ணின் படத்தைத் திறந்து மெல்ல இடப்பக்கம் இழுத்தேன்; அங்கே போனதும் கன்னம் சிவந்துவிடுகிறது, வலப்பக்கம் கொண்டுவந்தால் பழைய நிறம். இதில் முகம் திருத்த முடியாது. நாளைக் காலை பஸ்ஸில் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். சாம்பல் படம் பென்டிரைவில் இருக்கிறது, அடுத்ததைக் கடையிலேயே போட்டுப் பார்த்துத்தான் எடுப்பேன்.