நியூரோசயின்ஸ் + ஃபிசியாலஜி டிபார்ட்மெண்ட்ல ஃபேகல்டி இன்டர்வியூ, சாக் டாக்ல கிட்னி ஆளுங்ககிட்ட என்ன பேசறது?

தூக்கக்கலக்கம்:

வணக்கம் மக்களே. அமெரிக்காவுல போஸ்ட்டாக் (பிஎச்டிக்கு அப்புறம் பண்ற ஆராய்ச்சி வேலை) பண்ணிட்டு இருக்கேன், சுண்டெலி மூளைல தூக்கம் தான் என் ஏரியா, ஹைப்போதலமஸ்ல ப்ரீஆப்டிக் பகுதி, ஆப்டோஜெனெடிக்ஸ், ஃபைபர் ஃபோட்டோமெட்ரி, ஈஈஜி இப்படி போகுது. மிட்வெஸ்ட்ல ஒரு மெடிக்கல் ஸ்கூல்ல அசிஸ்டென்ட் ப்ரொஃபசர் போஸ்டிங், டென்யூர் ட்ராக், அதாவது பின்னாடி நிரந்தரம் ஆகக்கூடியது. ஜூம் ரவுண்டு தாண்டியாச்சு, இப்ப ரெண்டு நாள் கேம்பஸுக்கு வர சொல்லிருக்காங்க. செமினார் பத்தி கவலை இல்ல. சாக் டாக் தான் வயித்த கலக்குது. ஸ்லைடு கிடையாது, போர்டும் மார்க்கரும் தான், அடுத்த அஞ்சு வருஷ ப்ளான வரைஞ்சு காட்டணும், நடுவுல நடுவுல எல்லாரும் குறுக்க கேள்வி கேப்பாங்களாம்.

விஷயம் என்னன்னா அது தனி நியூரோசயின்ஸ் டிபார்ட்மெண்ட் இல்ல, நியூரோசயின்ஸும் ஃபிசியாலஜியும் சேர்ந்த ஒரே டிபார்ட்மெண்ட். ஃபேகல்டி லிஸ்ட் பாத்தா பாதி பேர் இதயம், கிட்னி, ரத்தக்குழாய்னு இருக்காங்க. எங்க லேப்ல யாரும் கழுத்துக்கு கீழ எட்டிப் பாத்ததே இல்ல. இவங்ககிட்ட என்ன பேசி ஒப்பேத்தறது? போஸ்ட்டாக்லேந்து ஃபேகல்டி ஆக என்ஐஎச் (அமெரிக்க அரசோட மருத்துவ ஆராய்ச்சி அமைப்பு) குடுக்கற கே99 க்ராண்ட் வேற கிடைக்கல. இப்ப ஜே1 (எக்ஸ்சேஞ்ச் விசிட்டர்) விசால இருக்கேன், அது பிரச்சனை ஆகுமா? வீட்ல வேற பேசாம இந்தியாவுக்கே அப்ளை பண்ணுன்னு ஒரே பாட்டு. அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

நெஃப்ரான்:

வாழ்த்துக்கள் தம்பி, கேம்பஸுக்கு கூப்பிட்டாலே பெரிய கட்டம் தாண்டியாச்சு.

நீங்க பயப்படற அந்த கிட்னி ஆளு நான் தான் :) இதே மாதிரி சேர்ந்த டிபார்ட்மெண்ட்ல ரொம்ப வருஷமா இருக்கேன், செர்ச் கமிட்டிலயும் உக்காந்திருக்கேன், அதனால உள்ள என்ன பேசிக்கறோம்னு சொல்றேன். உங்க சயின்ஸ் நல்லா இருக்குனு நியூரோ ஆளுங்க ஏற்கனவே முடிவு பண்ணிட்டாங்க, அதான் கூப்பிட்டிருக்காங்க. இனிமே இழுபறி எல்லாம் எங்கள மாதிரி மிச்ச பாதிகிட்ட தான், ஏன்னா கடைசில மொத்த ஃபேகல்டிகிட்டயும் அபிப்பிராயம் கேப்பாங்க, பல இடத்துல ஓட்டே எடுப்பாங்க. நாங்க பாக்கறது ரொம்ப லௌகீகமான விஷயம். லேப் ஆரம்பிக்க யுனிவர்சிட்டி குடுக்கற ஸ்டார்ட்அப் பணம் தீர்றதுக்குள்ள இந்த ஆளு என்ஐஎச்லேந்து ஒரு ஆர்01 (பெரிய ஆராய்ச்சி க்ராண்ட்) வாங்கிடுவாரா? வாங்கலைன்னா டிபார்ட்மெண்ட் தலைல விழுமா? மெடிக்கல் பசங்களுக்கு க்ளாஸ் எடுப்பாரா இல்ல எஸ்கேப் ஆவாரா?

இப்ப உங்க சப்ஜெக்ட்டுக்கு வருவோம். தூக்கம்னு சொல்லிட்டு கழுத்துக்கு கீழ ஒன்னும் தெரியாதுங்கறீங்க, எனக்கு சிரிப்பு தான் வருது. ப்ரீஆப்டிக் பகுதில சூட்டை உணர்ற நியூரான் இருக்கு, அதே ஏரியா தான் தூங்கவும் வைக்குது, உடம்பு சூட்டையும் இறக்குது. ஆழ்ந்த தூக்கத்துல பிபி இறங்கும், ஹார்ட் ரேட் இறங்கும், ராத்திரி பிபி இறங்காத பேஷண்ட்டுக்கு இதய நோய் ரிஸ்க் ஜாஸ்தி, ஸ்லீப் ஆப்னியா (தூக்கத்துல மூச்சு விட்டு விட்டு நிக்கறது) இருந்தா பிபி ஏறும், இதெல்லாம் எங்க வீட்டு விஷயம். இன்னொன்னு, என்ஐஎச்ல தூக்கக் கோளாறு ஆராய்ச்சிக்குனு ஒரு நேஷனல் சென்டர் இருக்கு, 1993ல அமெரிக்க காங்கிரஸ் சட்டம் போட்டு ஆரம்பிச்சது, அது எங்க இருக்கு தெரியுமா? நரம்பு இன்ஸ்டிட்யூட்ல இல்ல, இதயம்-நுரையீரல்-ரத்தத்துக்கான என்எச்எல்பிஐக்குள்ள. அதனால உங்க முதல் எய்ம் (க்ராண்ட்ல எழுதற ஆராய்ச்சி நோக்கம்) ப்யூர் மூளை சர்க்யூட்டா இருக்கட்டும், அது நரம்பு பக்கம் என்ஐஎன்டிஎஸ்க்கு போகும். இன்னொரு எய்ம்ல அதே நியூரான தட்டி விட்டா பிபியும் உடம்பு சூடும் என்ன ஆகுதுனு கேளுங்க, அது என்எச்எல்பிஐ கதவு. ரெண்டு இன்ஸ்டிட்யூட் பேரையும் போர்டுல ஓரமா எழுதினா போதும், எங்காளுங்க நிமிந்து உக்காருவாங்க.

கட்டாயம் வர்ற கேள்வி ஒன்னு இருக்கு: உங்க பாஸும் இதையே பண்ணா என்ன பண்ணுவீங்க? இதுக்கு மழுப்பக்கூடாது. எந்த ப்ராஜெக்ட், எந்த எலி லைன் உங்களோட வருதுனு இப்பவே பாஸ்கிட்ட பேசி, முடிஞ்சா ஈமெயில்ல வாங்கி வெச்சுக்குங்க. நல்ல நல்ல கேண்டிடேட் எல்லாம் இந்த இடத்துல தான் தடுமாறுவாங்க.

டீச்சிங் பத்தி கேட்டா தூக்கம் மட்டும் எடுப்பேன்னு சொல்லிடாதீங்க. ஆக்ஷன் பொட்டென்ஷியல், அட்டானமிக், சூடு கட்டுப்பாடு இதெல்லாம் எடுப்பேன்னு சொல்லுங்க. கிட்னி கவுன்டர்கரண்ட் மாதிரி கஷ்டமான பாடத்த நாங்களே பாத்துக்கறோம், பயப்படாதீங்க.

கே99 இல்லாததுக்கு ரொம்ப மனசு விட்டுடாதீங்க. இருந்தா ப்ளஸ், ஏன்னா அதோட ரெண்டாவது கட்டமான ஆர்00 பணம் வருஷத்துக்கு 2,49,000 டாலர் வரைக்கும் மூணு வருஷம் கூடவே வரும். இல்லாம வேலை வாங்கினவங்க எங்க ஃப்ளோர்லயே இருக்காங்க. பிஎச்டி முடிச்ச பத்து வருஷத்துக்குள்ள முதல் ஆர்01 போட்டா ஏர்லி ஸ்டேஜ்னு என்ஐஎச்ல சலுகை உண்டு, உங்களுக்கு இன்னும் எத்தனை வருஷம் மிச்சம்னு போர்டுல சொல்லுங்க, அது எங்க காதுல தேனா பாயும்.

எலிக்கூண்டு:

நெஃப்ரான் சார் சொன்னது அத்தனையும் சரி. நான் இப்ப தான் புதுசா லேப் ஆரம்பிச்சவ, அதனால சேர்மன் (டிபார்ட்மெண்ட் தலைவர்) மீட்டிங் பத்தி மட்டும் சொல்றேன் தம்பி. அங்க ஒரே ஒரு தொகையை சொல்லி மயக்குவாங்க, ஸ்டார்ட்அப் இவ்ளோ லட்சம் டாலர்னு. அது பெருசு இல்ல. அந்த காசு எத்தனை வருஷத்துல காலாவதி ஆகும், கூண்டு வாடகை அதுலேந்து போகுமா இல்ல தனியா குடுப்பாங்களா, இது தான் முக்கியம். எலிக்கு ஒரு கூண்டுக்கு ஒரு நாளைக்குனு சார்ஜ் பண்ணுவாங்க, நாலஞ்சு டிரான்ஸ்ஜெனிக் லைன் (மரபணு மாத்தின எலி வம்சம்) வெச்சிருந்தா அது சத்தமே இல்லாம ஸ்டார்ட்அப்ப தின்னுடும். உங்க எலிய புது இடத்துக்கு நேரா எடுத்துட்டு போக விட மாட்டாங்க, ரீடெரிவேஷன் பண்ணி, அதாவது கிருமி இல்லாத குட்டிகளா புதுசா உருவாக்கி தான் உள்ள சேப்பாங்க, அதுக்கு மாசக்கணக்குல ஆகும், செலவு யாருதுனு கேளுங்க.

தூக்கம் வேலைங்கறதால இன்னொன்னு. லைட் டைமிங்க நீங்களே மாத்திக்கற ரூம் எலி ஃபெசிலிட்டிக்குள்ள வேணும், யாரும் கதவ திறந்து கூண்டு மாத்த வராத ரூமா இருக்கணும். டூர்ல லேப் இடத்த காட்டுவாங்க, ஜன்னல் வியூ நல்லா இருக்கும், அதுல மயங்காம எலி ரூம காட்டுங்கனு கேளுங்க. எல்லாம் ஆஃபர் லெட்டர்ல எழுத்தா வரணும், வாய்ல சொன்னது அந்த சேர்மன் மாறினா காத்தோட போச்சு.

சம்பளமும் தெளிவா கேளுங்க, மெடிக்கல் ஸ்கூல்னா பெரும்பாலும் சாஃப்ட் மணி, சில வருஷத்துக்கு அப்புறம் சம்பளத்துல இவ்ளோ சதவீதம் நீங்களே க்ராண்ட்லேந்து கொண்டு வரணும்பாங்க. அது எவ்ளோ, வரலைன்னா என்ன ஆகும்? கேக்க கூச்சமா இருக்கும், பரவால்ல கேட்ருங்க.

ஜே1ல டென்யூர் ட்ராக் வேலை பாக்க முடியாது, ரூல்லயே இல்ல, பெரும்பாலும் எச்1பி வேலை விசா தான் போடணும். கம்பெனிங்களுக்கு இருக்கற எச்1பி லாட்டரி யுனிவர்சிட்டிக்கு கிடையாது. எச்1பிக்கு 2025 செப்டம்பர்ல வந்த அந்த ஒரு லட்சம் டாலர் ஃபீஸ், அமெரிக்காவுக்கு உள்ள இருந்தே விசா ஸ்டேட்டஸ் மாத்தறவங்களுக்கு இல்லைனு அக்டோபர்லயே குடியேற்ற ஆபீஸ் யூஎஸ்சிஐஎஸ் சொல்லிருச்சு. அதனால அந்த ஸ்டேட்டஸ் மாத்தற வேலை முடியற வரைக்கும் அக்கா தங்கச்சி கல்யாணம்னு ஊருக்கு கிளம்பிடாதீங்க. ரெண்டு வருஷம் ஊர்ல இருக்கணும்ங்கற கண்டிஷன் உங்க ஜே1 பேப்பரான டிஎஸ்2019ல இருக்கானு பாருங்க. எந்த நாட்டுல எந்த துறைக்கு அந்த கண்டிஷன்னு சொல்ற ஸ்கில்ஸ் லிஸ்ட்டுலேந்து இந்தியாவ 2024 டிசம்பர்ல எடுத்துட்டாங்க, ஆனா அரசாங்க ஃபண்டிங்ல வந்திருந்தா அது தனி கதை, வக்கீல்கிட்ட கேட்டுக்குங்க.

வெறுத்தவன்:

ஏன்பா இவ்ளோ கஷ்டம். 2025 பிப்ரவரில என்ஐஎச் இன்டைரக்ட் காஸ்ட்ட (க்ராண்ட்டோட யுனிவர்சிட்டிக்கு கட்டடம், நிர்வாகத்துக்குனு குடுக்கற பணம்) 15 சதவீதத்துக்கு இறக்கறோம்னாங்க, யுனிவர்சிட்டி எல்லாம் ஹயரிங் ஃப்ரீஸ்னு உக்காந்துட்டாங்க. இந்த நேரத்துல யாராவது லேப் ஆரம்பிப்பாங்களா? இண்டஸ்ட்ரிக்கு போய் நிம்மதியா இருங்க.

நெஃப்ரான்:

@வெறுத்தவன் அந்த 15 சதவீதத்த கோர்ட் தடுத்துருச்சு. பயம் இருக்கறது உண்மை தான், நான் இல்லைங்கல. ஆனா ஃபார்மா என்ன சும்மா தூக்கி குடுக்குதா, அங்கயும் தான் ஆள் குறைக்கறாங்க. தம்பி, சேர்மன்கிட்ட நேரா கேளுங்க, இந்த போஸ்டிங்குக்கு டீன் ஆபீஸ்ல பணம் ஒதுக்கியாச்சா, நடுவுல ஃப்ரீஸ் வருமானு. நல்ல சேர்மன்னா கோச்சுக்க மாட்டார்.

ஊர்திரும்பி:

இந்தியா பத்தி யாரும் சொல்லல, நான் சொல்றேன். ஐஐஎஸ்சி, ஐசர், ஐஐடி மாதிரி இடத்துல அசிஸ்டென்ட் ப்ரொஃபசர்னா சம்பளம் லெவல் 12, பேசிக் மாசம் 1,01,500 ரூபால ஆரம்பிக்கும், சாஃப்ட் மணி தலைவலி கிடையாது, மாச சம்பளம் வந்துரும். சாதகம்னா அது தான் பெரிய சாதகம். ஐஐடி மெட்ராஸ்ல ப்ரெய்ன் சென்டர் இருக்கு, ஆனா அவங்க பண்றது மனித மூளைய மெல்லிசா வெட்டி இமேஜிங், உங்க எலி வேலைக்கு பெங்களூர் பக்கம் தான் தோது. ஆராய்ச்சி பண்டுக்கு ராமலிங்கசாமி, இந்தியா அலையன்ஸ் ஃபெல்லோஷிப், அப்புறம் எஸ்இஆர்பிங்கற அரசு நிதி அமைப்பு இடத்துல வந்த ஏஎன்ஆர்எஃப். அதுல இளம் ஃபேகல்டிக்கு பிரைம் மினிஸ்டர் க்ராண்ட் மூணு வருஷத்துக்கு 60 லட்சம் வரைக்கும். குறைனு பாத்தா நியூரானுக்குள்ள ஜீன் ஏத்தற வைரஸ், எலி லைன், ஆன்டிபாடி எல்லாம் இறக்குமதி, ஆர்டர் போட்டுட்டு பொறுமையா காத்திருக்கணும். செலக்ஷனும் மெதுவா தான் நகரும், அதனால இங்கயும் இப்பவே ஒரு அப்ளிகேஷன் போட்டு வைங்க, அந்த இன்டர்வியூவுக்கும் போங்க.

தூக்கக்கலக்கம்:

ரொம்ப ரொம்ப நன்றி எல்லாருக்கும். என்எச்எல்பிஐ மேட்டர் சத்தியமா தெரியாது. ஆனா ஒரு டவுட்டு நெஃப்ரான் அண்ணே, பிபி எய்ம் போட்டா டெலிமெட்ரி (உடம்புக்குள்ள வெச்சு வயர் இல்லாம பிபி அளக்கற கருவி) வெச்சு தான் அளக்கணும், சுண்டெலி கழுத்து ரத்தக்குழாய்ல கதீட்டர் விடற சர்ஜரி, நான் அத தொட்டதே இல்ல. யாராவது நீ பண்ணிருக்கியானு கேட்டா?

நெஃப்ரான்:

இல்லனு சொல்லுங்க. அந்த டிபார்ட்மெண்ட்ல அந்த சர்ஜரி தினம் பண்ற லேப் ஒன்னாவது இருக்கும், பேப்பர தேடுங்க. உங்க ரெண்டு நாள் ஷெட்யூல்ல அந்த ஃபேகல்டி பேர் இல்லைனா கோஆர்டினேட்டருக்கு இப்பவே மெயில் போட்டு அரை மணி நேரம் கேளுங்க. மீட்டிங் சாக் டாக்குக்கு முன்னாடி விழற மாதிரி பாத்துக்குங்க. அவர் சரினு சொல்லிட்டார்னா அந்த எய்ம் பக்கத்துல அவர் பேர போர்டுலயே எழுதிடுங்க, கேள்வி வந்தா அவரே பதில் சொல்லிப்பார்.