டிஸ்னி வேர்ல்டு டைனிங் பிளான்: சைவம் உண்ணும் பெரியவர்களுடன் போகும்போது வாங்கலாமா?

டல்லாஸ்வாசி கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். ஊரிலிருந்து வரவிருக்கும் என் மாமனார், மாமியாரையும் அழைத்துக்கொண்டு, ஆர்லாண்டோவை அடுத்துள்ள வால்ட் டிஸ்னி வேர்ல்டுக்கு ஐந்து இரவுகள் போகத் திட்டமிட்டிருக்கிறோம். நானும் என் கணவரும், பதினொரு வயது மகனும், ஆறு வயது மகளும், பெரியவர்கள் இருவருமாக மொத்தம் ஆறு பேர். டிஸ்னியின் சொந்த விடுதியில்தான் தங்குகிறோம். ஆர்ட் ஆஃப் அனிமேஷன் விடுதியில் ஆறு பேர் தங்கக்கூடிய குடும்ப அறைத்தொகுதி ஒன்றை எடுப்பதா, பக்கத்திலிருக்கும் பாப் செஞ்சுரியில் இரண்டு அறைகள் எடுப்பதா என்று இன்னும் முடிவாகவில்லை.

பதிவு செய்யும்போதே உணவுக்கும் முன்பணம் கட்டிவிடும் டைனிங் பிளானைச் சேர்த்துக்கொள்ளலாமா என்பதே என் கேள்வி. மாமனாரும் மாமியாரும் முட்டைகூடத் தொடாத சைவம், அளவாகத்தான் சாப்பிடுவார்கள். நாங்கள் நால்வரும் எல்லாம் சாப்பிடுவோம். திட்டம் இலாபமில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆனால் என் கணவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது: மாமியார் எந்த உணவகத்துக்குப் போனாலும் விலைப்பட்டியலை முதலில் பார்த்து, டாலரை ரூபாயாக மாற்றி, "எனக்குப் பசியில்லை, நீங்கள் சாப்பிடுங்கள்" என்று சொல்லிவிடுவார். பணம் முன்பே கட்டியாயிற்று என்றால் அவரும் நிம்மதியாகச் சாப்பிடுவார் என்பது கணவரின் கட்சி. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

வணக்கம் அம்மா. பெருந்தொற்றின்போது 2020-இல் நிறுத்தப்பட்ட இந்தத் திட்டம் 2024 ஜனவரியில் இரண்டு வகைகளாகத் திரும்பி வந்தது. குவிக் சர்வீஸ், அதாவது நாமே கவுண்ட்டரில் வாங்கிக்கொள்ளும் வகையில், தங்கும் ஒவ்வோர் இரவுக்கும் ஒருவருக்கு இரண்டு எளிய சாப்பாடுகளும் ஒரு சிற்றுண்டியும் கிடைக்கும். டேபிள் சர்வீஸ் சேர்ந்த மற்ற வகையில், அந்த இரண்டு சாப்பாடுகளில் ஒன்று, மேசையில் அமர்ந்து பரிமாறப்படும் சாப்பாடாக மாறும். இரண்டிலும் ஆளுக்கொரு குவளை உண்டு. ஆனால் அதை விடுதியில் மட்டுமே நிரப்பிக்கொள்ள முடியும், பூங்காக்களில் முடியாது.

திட்டம் திரும்பி வந்த ஆண்டில் குவிக் சர்வீஸ் வகைக்குப் பெரியவருக்கு இரவுக்கு 57.01 டாலர், குழந்தைக்கு 23.83 டாலர், மற்றதற்கு 94.28 டாலர், 29.69 டாலர். பிறகு விலை சற்றே ஏறியிருக்கிறது என்றாலும் கணக்கின் போக்கு மாறவில்லை. குழந்தை என்றால் 3 முதல் 9 வயது வரைதான் என்பதால் உங்கள் மகனுக்குப் பெரியவர் கட்டணம். ஆக ஐந்து பெரியவர்கள், ஒரு குழந்தை, ஐந்து இரவுகள் என்று பெருக்கினால், அந்த விலையிலேயே முதல் வகைக்கு 1,544 டாலரும் இரண்டாவது வகைக்கு 2,505 டாலரும் ஆகும்.

இனி எதிர்ப்பக்கத்தைப் பாருங்கள். எளிய உணவகம் ஒன்றில் முக்கிய உணவும் குளிர்பானமும் சேர்ந்து ஏறக்குறைய 20 டாலர் என்று வைத்துக்கொண்டால், இருவேளைக்கு 40, சிற்றுண்டிக்கு ஏழெட்டு, அதன்மேல் 6.5 சதவீத விற்பனை வரி என 51 டாலரை ஒட்டி வரும். குவளையின் விலையையும் இரவுகளுக்குப் பங்கிட்டுச் சேர்த்தால், நன்றாகச் சாப்பிட்டுக் குளிர்பானமும் வாங்குகிறவருக்குக் கையைக் கடிக்காது; பெரிய இலாபமும் இல்லை. சட்டப்படி வயது வந்தவர்களுக்குச் சாப்பாட்டுடன் பியரோ காக்டெயிலோ அதே கிரெடிட்டில் (திட்டத்தில் ஒரு சாப்பாட்டுக்கான உரிமையைக் கிரெடிட் என்பார்கள்) கிடைக்கும் என்பதால், அதை எடுப்பவர்களுக்கு மட்டும் இலாபம் கண்ணில் தெரியும். உங்கள் மாமனார், மாமியார் நிலை வேறு. எளிய உணவகங்களில் குளிர்ந்த குடிநீர் இலவசமாகக் கிடைக்கிறது. அதைக் குடித்து, வேளைக்கு ஒரு சைவ உணவை மட்டும் வாங்குகிறவருக்கு நாளொன்றுக்கு 35 டாலர் போதும். அவர்கள் இருவருக்கு மட்டும் ஐந்து இரவுகளில் இருநூறு டாலருக்கு மேல் வீணாகும்.

ஆகவே முடிவு உணவைவிட அறையைப் பொறுத்தது. ஒரே பதிவில் இருக்கும் மூன்று வயது நிரம்பிய அனைவரும் ஒரே திட்டத்தை வாங்கியாக வேண்டும். குடும்ப அறைத்தொகுதியை எடுத்தால் ஆறு பேருக்கும் கட்ட வேண்டும். பெரியவர்களை மட்டும் விலக்க வழியில்லை. இரண்டு அறைகளைத் தனித்தனிப் பதிவுகளாக எடுத்தால், ஒன்றுக்குத் திட்டம், மற்றொன்றுக்கு ரொக்கம் என்று பிரித்துக்கொள்ளலாம். ஒரே மேசையில் அமர்ந்தாலும் கணக்கைப் பிரித்துத் தருவார்கள்.

கடலோரத் தம்பா எழுதியது:

நாங்கள் பக்கத்து ஊர் என்பதால் உறவினர் வரும்போதெல்லாம் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது எங்கள் வீட்டு வழக்கமாகிவிட்டது. சைவம் பற்றி மட்டும் சொல்கிறேன்.

பூங்காவுக்குள் வெளி உணவு எடுத்துச் செல்ல டிஸ்னி அனுமதிக்கிறது. கண்ணாடிப் புட்டிகளும் மதுவும் கூடாது. இது தெரியாமல்தான் பலரும் திட்டத்தின் பக்கம் சாய்கிறார்கள். காலையில் சப்பாத்தியையோ புளியோதரையையோ பொட்டலம் கட்டிப் பையில் போட்டுக்கொண்டால், பதினோரு மணி வாக்கில் எல்லா வரிசையும் நீளும் நேரத்தில் பெரியவர்கள் ஒரு நிழலில் அமர்ந்து சாப்பிட்டுவிடலாம். விடுதி அறையில் சிறிய குளிர்பெட்டி உண்டு. தயிர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஃபுளோரிடாக் கோடையில் பிற்பகல் மூன்று மணிக்குப் பிறகு யாருக்கும் வறுவல் இறங்காது, மோர்தான் இறங்கும்.

ஒரு வேளையாவது அவர்களை சனா உணவகத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். அனிமல் கிங்டம் லாட்ஜ் விடுதியில் இருப்பதால் பூங்கா நுழைவுச்சீட்டு தேவையில்லை. சன்னலுக்கு வெளியே புல்வெளியில் வரிக்குதிரையும் ஒட்டகச்சிவிங்கியும் மேயும். உள்ளே ஐந்து வகை ரொட்டிகளும் அவற்றுக்குத் தொட்டுக்கொள்ள மாங்காய்ச் சட்னி, புளிச் சட்னி, கொத்தமல்லிச் சட்னி, பூண்டு ஊறுகாய், வெள்ளரிப் பச்சடி என்று ஒன்பது வகைகளும் ஒரே தட்டில் வரும். இருவருக்கு அது ஒன்றே வயிற்றை நிரப்பிவிடும். ஆனால் அது தொடக்க உணவுப் பட்டியலில் இருப்பது, திட்டத்தின் கிரெடிட்டோ முக்கிய உணவு, இனிப்பு, பானம் ஆகியவற்றுக்கானது. பெரியவர்கள் விரும்பும் இடத்தில் ரொக்கமே சிக்கனம் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. முட்டை பற்றிப் பரிமாறுபவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். சமையற்காரரையே அழைத்துக் கேட்டுச் சொல்வார்கள்.

மிக்கி ரசிகை எழுதியது:

மேலே எழுதியவர்களோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால் திட்டத்தின் பக்கமும் ஒருவர் பேச வேண்டும். ஆறு வயதுப் பெண்ணுக்கு மிக்கியும் டொனால்டும் மேசைக்கே வந்து கைகுலுக்கும் விருந்து வேண்டியிருக்கும். செஃப் மிக்கிஸ், டஸ்கர் ஹவுஸ் போன்ற பஃபே இரவு விருந்துகளில் பெரியவருக்கு அறுபது டாலருக்கு மேலும் குழந்தைக்கு நாற்பதை ஒட்டியும் ஆகும். அங்கே ஒருவருக்கு ஒரே டேபிள் சர்வீஸ் கிரெடிட்தான். குழந்தைக்கு முப்பது டாலரை ஒட்டிய திட்டத்தில் நாற்பது டாலர் விருந்து, அதோடு இன்னொரு சாப்பாடும் சிற்றுண்டியும் என்றால் அந்த ஒரு வரியில் இலாபம் வெளிப்படை. 2026-ஆம் ஆண்டு வருகைகளுக்குப் பெரியவர்கள் திட்டம் வாங்கினால் 3 முதல் 9 வயதுக் குழந்தைகளுக்கு இலவசம் என்ற சலுகையையும் அறிவித்தார்கள்; தள்ளுபடி விலை அறையோடு அது சேருமா என்பதைப் பணம் கட்டுமுன் கேட்டுக்கொள்ளுங்கள், அங்கேதான் கணக்கு தலைகீழாகும்.

மாறாக, சிண்டரெல்லா கோட்டைக்குள் இருக்கும் உணவகம் ஒருவருக்கு இரண்டு கிரெடிட்டுகளை எடுத்துக்கொள்ளும். டிப்ஸ் எந்தத் திட்டத்திலும் சேராது. ஆறு பேர் சேர்ந்து அமர்ந்தால் 18 சதவீதத்தை அவர்களே பில்லில் சேர்த்துவிடுவார்கள். அதுவும் நீங்கள் அங்கே கையிலிருந்து கட்டாத பட்டியல் விலை முழுவதற்கும். பஃபே ஒன்றுக்கு அறுபது டாலருக்கு மேல் கையிலிருந்து போகும். ஐந்து இரவும் அப்படி என்றால் முந்நூறு டாலர். எல்லாம் முன்பே கட்டியாயிற்று என்ற நிம்மதியோடு அமர்ந்த உங்கள் மாமியார் அந்தச் சீட்டைப் பார்க்காமல் இருக்க வேண்டும்!

டல்லாஸ்வாசி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. இரண்டு அறைகளே என்று முடிவு செய்துவிட்டோம். எங்கள் நால்வருக்கு மட்டும் திட்டம் வாங்குவதா, யாருக்குமே வேண்டாமா? எங்கள் வீட்டில் மது இல்லை. மகளுக்காக இரண்டு விருந்துகள் போதும். மாமியாரின் ரூபாய்க் கணக்கை எப்படிச் சமாளிப்பது என்பதும் அப்படியே நிற்கிறது.

கணக்குப்பிள்ளை எழுதியது:

மது இல்லை, ஐந்தில் இரண்டு இரவுகள்தான் விருந்து என்றால் டேபிள் சர்வீஸ் வகை நிச்சயம் கட்டுப்படியாகாது. மிச்ச மூன்று இரவுகளில் அந்தக் கிரெடிட்டுகளைத் தீர்ப்பதற்காகவே உணவகம் தேடி அலைவீர்கள். குவிக் சர்வீஸ் வகையில் விருந்துகளுக்குத் தனியே பணம் கட்ட வேண்டும். ஆகவே உங்கள் வீட்டுக்கு ரொக்கம்தான் என் பரிந்துரை. விருந்து இடங்களை மட்டும் மறக்காமல் வருகைக்கு அறுபது நாள் முன்பு பதிவு செய்யுங்கள். டிஸ்னி விடுதியில் தங்குவதால் தங்கும் நாள்கள் அனைத்துக்கும் அன்றே பதிவு செய்ய முடியும்.

மாமியாருக்கு இங்கிருந்தே முந்நூறு டாலருக்கு டிஸ்னி பரிசு அட்டை ஒன்றை வாங்கி, "இது உங்களுக்காகக் கட்டிவிட்ட சாப்பாட்டுப் பணம்" என்று சொல்லிக் கையில் கொடுங்கள். பூங்கா உணவகங்களில் அந்த அட்டை செல்லும். திட்டத்தின் கிரெடிட்டுகள் விடுதியைக் காலி செய்யும் நாள் நள்ளிரவோடு காலாவதியாகிவிடும். பரிசு அட்டைக்குக் காலாவதி கிடையாது. மிஞ்சினால் பேத்திக்குப் பொம்மை வாங்குவார், அதற்கு ரூபாய்க் கணக்கு பார்க்கமாட்டார் என்றே நினைக்கிறேன்.