எல்லைக்கோட்டில் ஒரு விளக்கு: அண்டை நிர்வாகங்கள் கைகோத்த, கைவிட்ட அனுபவங்கள்

கடைசிப் புளோக்

சிங்கப்பூரில் எங்கள் நகர மன்றத்தின் எல்லை எங்கள் அடுக்குமாடிப் புளோக்கோடு முடிந்துவிடுகிறது. எதிரே தெரியும் புளோக் அடுத்த நகர மன்றத்தைச் சேர்ந்தது. இரண்டையும் இணைக்கும் கூரையுள்ள நடைபாதையின் நடுவில் ஒரு விளக்கு இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் அது அணைந்தபோது, மறுநாளே மாற்றிவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன். எங்கள் மன்றத்தைத் தொலைபேசியில் அழைத்தேன். அந்தக் கம்பம் தங்கள் வரைபடத்தில் இல்லை என்றார்கள். அடுத்த மன்றத்தை அழைத்தால், கம்பம் தங்களுடையதாக இருக்கலாம், ஆனால் மின்இணைப்பு எங்கள் புளோக்கிலிருந்து வருகிறது என்றார்கள். இரு பக்கமும் மரியாதையாகவே பேசினார்கள், இரு பக்கமும் எனக்குக் கோப்பு எண் தந்தார்கள், விளக்கு மட்டும் ஏழு வாரங்கள் எரியவில்லை. ஐந்தாம் வாரத்தில், சந்தையிலிருந்து திரும்பிய என் அம்மா அந்த இடத்தில் கால் இடறி விழுந்து மணிக்கட்டில் கட்டுப்போட்டுக்கொண்டார்.

பிறகு ஒருநாள் இரு தரப்பு அலுவலர்களும் ஒன்றாக வந்து நின்று, ஏணி வைத்து, அரை மணி நேரத்தில் வேலையை முடித்தார்கள். அந்த அரை மணி நேரத்துக்கு முன்னால் என்ன நடந்திருக்கும் என்பதுதான் எனக்கு இன்றும் புரியவில்லை. அண்டை நிர்வாகங்கள் ஒரு பணியைப் பகிர்ந்துகொள்வதை உள்ளிருந்து பார்த்தவர்கள் இங்கே இருந்தால், உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்.

பழைய மேற்பார்வையாளர்

ஐயா, நான் பேட்டைப் பராமரிப்பில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். உங்கள் விளக்கைப் போல நூறு விளக்குகளைப் பார்த்திருக்கிறேன்.

1986 இல் அங் மோ கியோவில் மூன்று நகர மன்றங்களை முன்னோட்டமாகத் தொடங்கி, 1988 இல் சட்டம் இயற்றியதிலிருந்து, துப்புரவு, மின்தூக்கி, விளக்கு என்று புளோக்கைச் சுற்றியுள்ள பொது இடங்களின் பராமரிப்பு அந்தந்த மன்றத்தின் பொறுப்பானது. துப்புரவு வேலையை ஒப்பந்தத்தில் எடுக்கும் குத்தகைக்காரருக்கு நாங்கள் தருவது வண்ணமிட்ட ஒரு வரைபடம். துப்புரவு ஊழியர் துடைப்பத்தை அந்த வண்ணம் முடியும் இடத்தில் நிறுத்துவது அவருடைய சோம்பல் அல்ல. கோட்டைத் தாண்டிப் பெருக்கிய நேரத்தில் கோட்டுக்குள் ஒரு காகிதம் கிடந்தால் அவருடைய முதலாளிக்கு அபராதம் போடுவது நாங்கள்தான். இந்த அபராத முறையை நானே நடத்தியிருக்கிறேன் என்பதால் கொஞ்சம் கூச்சத்தோடு எழுதுகிறேன்.

2014 தேசிய தினப் பேரணியில் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் கீழே கிடந்த ஒரு மீன் உருண்டைக் குச்சியைப் பற்றிப் பேசியது பலருக்கு நினைவிருக்கும். ஒரே இடத்தின் அடுத்தடுத்த பகுதிகள் வெவ்வேறு அமைப்புகளின் பொறுப்பில் இருந்ததால், குச்சியை யார் எடுப்பது என்பதே ஒரு கேள்வியாகிவிட்டது. அவ்வாண்டு அக்டோபரில் நகராண்மைச் சேவை அலுவலகமும், அடுத்த ஜனவரியில் ஒன்சர்வீஸ் செயலியும் வந்தன. குடியிருப்பாளருக்கு அது பெரிய உதவிதான், ஏனென்றால் புகாரை யாரிடம் சொல்வது என்று அவர் தேட வேண்டியதில்லை. ஆனால் புகார் சரியான மேசைக்குப் போவது வேறு, அந்த மேசையில் அதற்குப் பணம் இருப்பது வேறு. உங்கள் ஏழு வாரங்கள் அந்த இரண்டாவது விஷயத்தில்தான் கரைந்திருக்கும்.

நாங்கள் ஒருமுறை பக்கத்து மன்றத்தோடு ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். எல்லை நடைபாதை முழுவதையும் நாங்கள் பெருக்குவோம், அதன் விளக்குகளையும் வடிகாலையும் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள், யாரும் யாருக்கும் பணம் தர வேண்டாம் என்று ஒரே ஒரு தாளில் எழுதி இரண்டு அலுவலர்கள் கையொப்பமிட்டார்கள். நான்கு ஆண்டுகள் அருமையாக நடந்தது. அடுத்த தேர்தலுக்கு முன், மன்ற எல்லைகளைத் தீர்மானிக்கும் தொகுதி எல்லைகள் மாற்றி வரையப்பட்டன, கையொப்பமிட்டவர்களும் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள், அந்தத் தாள் எந்தக் கோப்பில் இருந்தது என்பதே யாருக்கும் தெரியவில்லை.

ஒரே உறுப்பினர் கொண்ட தனித்தொகுதிகள், பல உறுப்பினர்கள் கொண்ட அண்டைக் குழுத்தொகுதியோடு ஒரே நகர மன்றமாகச் சேர்ந்துகொள்வதற்குச் சட்டம் இடம் தருகிறது. 2020 தேர்தலுக்குப் பிறகு கெபுன் பாரு, இயோ சூ காங் ஆகிய தனித்தொகுதிகள் அங் மோ கியோ நகர மன்றத்தின் கீழேயே இருந்தது ஓர் எடுத்துக்காட்டு. மின்தூக்கிப் பராமரிப்பை ஐம்பது புளோக்குகளுக்குக் கேட்பதற்கும் ஐந்நூறு புளோக்குகளுக்குக் கேட்பதற்கும் குத்தகைக்காரர் சொல்லும் விலையில் உள்ள வேறுபாட்டை நேரில் பேரம் பேசியவன் என்ற முறையில், அது விவேகமான ஏற்பாடு என்பது என் கருத்து.

குனோங் புலாய் பிள்ளை

எல்லை தாண்டிய ஏற்பாடு என்றதும் என் அப்பா நினைவுக்கு வருகிறார். ஜோகூரின் குனோங் புலாய் நீர் ஆலையில் அவர் பம்பு இயக்குபவராக இருந்தார். ஆலை இருந்தது மலேசிய மண்ணில், சம்பளம் வந்தது சிங்கப்பூரிலிருந்து. ஊழியர் குடியிருப்பில் வளர்ந்த எனக்கு அது விசித்திரமாகவே தோன்றியதில்லை. வடிகட்டும் தொட்டிகளின் ஓரத்தில் ஓடக்கூடாது என்பது ஒன்றுதான் அங்கே எங்களுக்கு இருந்த சட்டம்.

பெரியவனான பிறகுதான் அந்த ஆலையின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். 1927 இல் அதற்கான ஒப்பந்தத்தைச் செய்துகொண்டவர்கள் இரண்டு நாடுகளின் அமைச்சர்கள் அல்லர். ஒரு பக்கம் சிங்கப்பூர் நகராட்சி ஆணையர்கள், மறு பக்கம் ஜோகூர் சுல்தான் இப்ராஹிம். தண்ணீர் போதாமல் தவித்த ஒரு நகராட்சி, பக்கத்து அரசின் மலையில் நிலம் வாடகைக்கு எடுத்து நீர் கொண்டுவந்தது, அவ்வளவுதான். 1961, 1962 தண்ணீர் ஒப்பந்தங்களும் ஜோகூர் அரசுக்கும் சிங்கப்பூர் நகரசபைக்கும் இடையில் எழுதப்பட்டவையே. 1965 இல் இரு நாடுகளும் பிரிந்தபோது பிரிவினை உடன்படிக்கையிலேயே அவற்றுக்கு உத்தரவாதம் சேர்க்கப்பட்டது. மேற்பார்வையாளர் ஐயா சொன்ன அந்த ஒற்றைத் தாளுக்கு நேர்ந்தது இதற்கு நேராததற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். கையொப்பமிட்ட நகராட்சியே மறைந்த பின்னும் தாள் உயிரோடு இருந்தது.

1962 ஒப்பந்தப்படி 2061 வரை ஜோகூர் ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 250 மில்லியன் கேலன் வரை சிங்கப்பூர் எடுத்துக்கொள்ளலாம். ஆயிரம் கேலனுக்கு 3 காசு கொடுக்கிறது. எடுத்த நீரில் 2 விழுக்காட்டைச் சுத்திகரித்து, ஆயிரம் கேலன் 50 காசுக்கு ஜோகூருக்குத் திருப்பித் தர வேண்டும். அந்த 3 காசைப் பற்றி இரு தலைநகரங்களும் பல ஆண்டுகளாக வாதாடுகின்றன, அதற்குள் நான் போகப்போவதில்லை. வறட்சிக் காலத்தில் ஜோகூர் கேட்கும்போது ஒப்பந்த அளவுக்கு மேலேயும் சுத்திகரித்த நீர் போயிருக்கிறது. ஆற்றில் நீர் குறைந்தால் கடல்நீர் உள்ளே ஏறி, உப்புக் கூடிவிடும். அதைத் தள்ளி வைக்க 1995 இல் கட்டிமுடித்த லிங்கியூ அணையிலிருந்து நீரைத் திறந்துவிடுகிறார்கள். அந்த நீர் சிங்கப்பூர் ஆலைக்கு மட்டுமல்லாமல் அதே ஆற்றில் நீர் எடுக்கும் ஜோகூரின் சொந்த ஆலைகளுக்கும் பயன்படுகிறது.

1961 ஒப்பந்தம் 2011 ஆகஸ்ட் 31 அன்று முடிந்தது. குனோங் புலாய், ஸ்கூடாய் ஆலைகளையும் பொந்தியான், தெப்ராவ் பம்பு நிலையங்களையும் சிங்கப்பூரின் பொதுப் பயனீட்டுக் கழகம் இயங்கும் நிலையில், இலவசமாக ஜோகூரிடம் ஒப்படைத்தது. ஓய்வு பெற்று வெகு காலமாகிவிட்ட அப்பா அன்று காலை தொலைக்காட்சி முன் உட்காரவில்லை. பழைய சக ஊழியர் ஒருவரை அழைத்து, இரண்டாம் எண் பம்பின் அதிர்வைப் புதிதாக வருபவர்களுக்குச் சொல்லிவிட்டீர்களா என்று மட்டும் கேட்டார்.

இருகரை வணிகர்

மசாலாப் பொருள்களைப் பொட்டலமிட்டு விற்கும் சிறு தொழில் எங்களுடையது. சிங்கப்பூரில் வாடகை தாங்காமல், பொட்டலமிடும் வேலையை 2018 இல் ஜோகூருக்கு மாற்றினோம். வேலையிடம் தெப்ராவில், கிடங்கு பாசிர் கூடாங்கில். காரில் சிறிது நேரப் பயணம்தான், ஆனால் முதல் இடம் ஜோகூர் பாரு மாநகர மன்றம், இரண்டாவது இடம் அப்போது பாசிர் கூடாங் நகராண்மைக் கழகம். வளாக உரிமம் இரண்டு, பெயர்ப்பலகை உரிமம் இரண்டு. பலகையில் மலாய் மொழிக்கு உரிய இடம் தந்திருக்கிறோமா என்று மொழி நிறுவனத்தின் சான்றிதழ் வாங்கி, அதையும் இரண்டு முகப்புகளில் கொடுத்தோம். ஒரு முகப்பில் ஏற்றுக்கொண்ட தீயணைப்புப் படிவத்தை மறு முகப்பில் வேறு அளவுத் தாளில் கேட்டார்கள். என் தம்பி அதைச் சொல்லி இன்றும் சிரிப்பான், அன்று சிரிக்கவில்லை.

தென் ஜோகூரின் இஸ்கந்தர் வட்டாரத்துக்கென்று ஒரு மேம்பாட்டு ஆணையம் 2007 முதல் இருக்கிறது, அண்டை ஊராட்சிகளை ஒரே திட்டத்துக்குள் கொண்டுவருவது அதன் நோக்கங்களில் ஒன்று. பெரிய முதலீட்டாளருக்கு அது கதவைத் திறந்திருக்கலாம். எங்களைப் போன்றவர்கள் முகப்பில் வரிசையில்தான் நின்றோம்.

2025 ஜனவரியில் ஜோகூர்-சிங்கப்பூர் சிறப்புப் பொருளியல் மண்டல ஒப்பந்தம் கையெழுத்தானது. 3,500 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட பரப்பு, முதல் ஐந்து ஆண்டுகளில் 50 திட்டங்கள், 20,000 திறன்மிக்க வேலைகள் என்பது இலக்கு. ஆவலோடு படித்தேன். வரிச்சலுகைப் பட்டியலில் என் மிளகாய்த்தூளுக்கு இடமில்லை. ஆனாலும் அதையொட்டி நடக்கும் சிறு மாற்றங்களை நான் குறைவாக மதிப்பிட மாட்டேன். 2024 மார்ச்சில் உட்லண்ட்ஸ், துவாஸ் சோதனைச்சாவடிகளில் காரில் போகிறவர்கள் கடப்பிதழை நீட்டாமல் கியூஆர் குறியீட்டைக் காட்டிக் கடக்கத் தொடங்கியபோது, ஐந்து பேர் போகும் எங்கள் காரில் சிங்கப்பூர்ப் பக்கச் சோதனைக்காகக் கடப்பிதழ்களை எண்ணிச் சேகரிக்கும் வேலை நின்றது.

கடைசிப் புளோக்

நன்றி ஐயா. ஜோகூர் பாருவையும் சிங்கப்பூரையும் இணைக்கும் ஆர்டிஎஸ் ரயில் வந்தால் உங்கள் சிரமம் தீருமா?

இருகரை வணிகர்

2026 இறுதியை இலக்காக வைத்துத் திட்டமிட்ட ரயில் அது. புக்கிட் சாகாரிலிருந்து உட்லண்ட்ஸ் நார்த்துக்கு 4 கிலோமீட்டர், மணிக்கு ஒரு திசையில் 10,000 பேர், புறப்படும் இடத்திலேயே இரு நாட்டுக் குடிநுழைவுச் சோதனையும் முடிந்துவிடும். விடியற்காலை நான்கரை மணிக்கு எழுந்து கடற்பாலத்தைக் கடக்கும் என் ஊழியர்கள் இருவருக்கு அது பெரிய விடுதலை. என் சரக்கு ரயிலில் ஏறாது. அது வழக்கம்போல் லாரியில், துவாஸுக்கு வரும் இரண்டாம் இணைப்புப் பாலம் வழியாகத்தான் வரும், அதற்கான படிவங்களை இன்றிரவும் இரண்டு தொகுப்பாக நிரப்பிக்கொண்டிருக்கிறேன்.