ஆச்சி எழுதும் ‘லை’யும் டீச்சர் போட்ட சிவப்பு வட்டமும்

பாளை அம்மா:

என் மகள் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். நான்கரை மணிக்கு வேனில் வந்து இறங்குபவளுக்கு முகம் கழுவிவிட்டு, பால் ஆற்றிக் கொடுத்து, வீட்டுப்பாடம் எழுத வைப்பது எல்லாம் என் அத்தைதான், அதாவது மாமியார். நான் வீடு வந்து சேர ஏழாகிவிடும்.

அத்தைக்கு 72 வயது. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டார்களாம். ஆனாலும் தினத்தந்தியை முதல் பக்கத்திலிருந்து வரி விளம்பரம் வரை விடமாட்டார். என் மகள் தமிழைத் தட்டுத் தடங்கல் இல்லாமல் வாசிக்கிறாள் என்றால் அது முழுக்க அவர் போட்ட பிச்சை. போன மாதம் ‘ஆழ்வார்குறிச்சி’ என்று பஸ்ஸில் இருந்த போர்டை ஒரே மூச்சில் வாசித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்த முகம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அத்தை பழைய எழுத்து எழுதுகிறவர். ‘லை’ என்றால் ல-வுக்கு முன்னால் யானைத் தும்பிக்கை மாதிரி மேலே வளைத்துச் சேர்ப்பார். ‘ணா’வுக்குத் தனியாகக் கால் போடமாட்டார், எழுத்தின் வாலையே சுழித்துவிடுவார். (என் போனில் அந்த வடிவம் வரவில்லை, அதனால் சொல்லித்தான் காட்ட முடிகிறது.) மகளும் அப்படியே பிடித்துக்கொண்டாள். போன வாரம் ‘சொல்வதை எழுதுதல்’ வைத்திருக்கிறார்கள். பத்துச் சொல்லில் நான்கு தப்பு: இலை, யானை, விளையாட்டு, அண்ணா. நான்கிலும் அந்தந்த எழுத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம். “எங்க ஆச்சி இப்படித்தான் எழுதுவாங்க மிஸ்” என்று இவள் சொல்ல, வகுப்பே சிரித்திருக்கிறது.

இவள் வீட்டுக்கு வந்து அதை அப்படியே ஒப்பித்துவிட்டாள். அத்தை ஒன்றும் பேசவில்லை. மறுநாள் சாயங்காலம் நோட்டை நீட்டியபோது, “அம்மா வரட்டும் கண்ணு, அவகிட்ட எழுதிக்கோ” என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டாராம். நான்கு நாளாக அப்படித்தான். ஏழு மணிக்கு மேல் நான் உட்கார்ந்தால் பிள்ளைக்குத் தூக்கம் சொக்குகிறது.

அத்தை மனம் நோகாமல் எப்படிப் பேசுவது? பிள்ளைக்கு இரண்டு எழுத்தும் குழம்பாமல் இருக்குமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியை:

முதலில் உங்கள் அத்தையிடம் அவர் எழுதியது தப்பு இல்லை என்று சொல்லுங்கள் மகளே. அவர் பள்ளிக்கூடம் போன காலத்தில் புத்தகத்திலேயே அப்படித்தான் இருந்தது. தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை போட்டது 1978-இல். மாறியவை மொத்தம் 13 எழுத்துகள்: ணா, றா, னா, ணொ, றொ, னொ, ணோ, றோ, னோ, ணை, லை, ளை, னை. அதற்கு 40 வருஷத்துக்கு முன்பே, 1935-இலிருந்து, பெரியார் தம்முடைய குடி அரசு இதழில் இந்த வடிவங்களை அச்சிட்டு வந்தார். மற்ற எழுத்துகள் எல்லாம் தனிக் காலும் தனி இணைக்கொம்பும் வாங்கும்போது இந்தச் சில எழுத்துகளுக்கு மட்டும் எதற்கு வேறு உருவம், அச்சுக்கும் சிரமம், பிள்ளைக்கும் சிரமம் என்பதுதான் காரணம்.

இன்றைக்குப் பத்திரிகையில் அத்தை வாசிப்பது புது எழுத்து. ஆனால் கை ஆறு வயதில் பழகியதைத்தான் எழுதும். என் வயதுக்காரர்கள் பலருக்கும் கையெழுத்தில் அந்தத் தும்பிக்கை எட்டிப் பார்க்கும்.

குழந்தை குழம்ப மாட்டாள். எழுத்து 13-தானே, ஒரு அட்டையில் இரண்டு பத்தி போட்டு, ‘ஆச்சி எழுத்து’, ‘பள்ளிக்கூட எழுத்து’ என்று எழுதி ஒட்டுங்கள். ஒட்டுவது நீங்களாக இருக்க வேண்டாம், ஆச்சியும் பேத்தியும் செய்யட்டும். அந்த ஆசிரியையையும் நேரில் பாருங்கள். பிள்ளை எழுதியது பழைய வடிவம் என்று வகுப்பில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சிரிப்பு வந்திருக்காது.

கோவைத் தாய்:

உண்மையைச் சொல்கிறேன், கோபப்படாதீர்கள். மார்க் போவது குழந்தைக்குத்தான். பெரியவர்களை மாற்ற முடியாது. பக்கத்தில் நல்ல டியூஷன் இருந்தால் ஐந்து மணிக்கு அனுப்பிவிடுங்கள்.

ரெட்டைப் பிள்ளை அம்மா:

எங்கள் வீட்டில் மாமனார் அரைக்கால், வீசம் என்று பழைய வாய்ப்பாடு சொல்லிக் கொடுப்பார். நான் ‘வேண்டாம் மாமா’ என்று வாயைத் திறந்து இரண்டு நாள் வீடே இறுகிக் கிடந்தது. மருமகள் சொன்னால் குறை சொன்னதாகப் படும் அக்கா. பேத்தியை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள். ஆச்சி சொல்லட்டும், அவள் எழுதட்டும். எழுதிக் காட்டாமல் வாயால் சொன்னாலே போதுமே.

பாளை அம்மா:

எல்லோருக்கும் நன்றி. டீச்சர், நீங்கள் எழுதியதை அத்தைக்கு அப்படியே வாசித்துக் காட்டினேன். 1978 என்று வந்ததும், “அப்ப எனக்குப் பிள்ளையே பிறந்தாச்சே” என்றார். அப்புறம் எழுந்துபோய் டிரங்குப் பெட்டியைத் திறந்து ஒரு இன்லேண்ட் லெட்டரை எடுத்து வந்தார். மாமா தூத்துக்குடியில் வேலை பார்த்தபோது எழுதியது. மடிப்பில் கிழிந்து, நீல மை பழுப்பேறியிருக்கிறது. மகள் அதை மடியில் விரித்து விரல் வைத்து வாசித்தாள். ‘தலை தீபாவளிக்கு’ என்ற இடத்தில் விரல் நின்றது. “ஆச்சி, தாத்தாவும் உங்க லைதான் போட்டிருக்காங்க!” என்று ஒரே கத்தல். அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கோவைத் தோழிக்கு: நீங்கள் நல்லதற்குத்தான் சொல்கிறீர்கள். ஆனால் நான்கரையிலிருந்து ஏழு வரை அவர்கள் இரண்டு பேருக்கும் சொந்தமான நேரம். அதில் கை வைக்க எனக்கு மனம் வரவில்லை. நான்கு மார்க் போனால் போகட்டும்.

அட்டை தயாராகி ஃபிரிட்ஜ் கதவில் இருக்கிறது. நேற்று அத்தை பால் கணக்கு நோட்டில் ‘விலை’ என்று எழுதினார், பழைய லைதான். இவள் ரப்பரை எடுக்கவில்லை. பக்கத்தில் பென்சிலால் சின்னதாகப் புது லை ஒன்று எழுதி, இரண்டையும் சேர்த்து ஒரு கட்டம் போட்டாள்.

சனிக்கிழமை மகளின் பள்ளிக்கூட டீச்சரைப் பார்க்கப் போகிறேன். அத்தையும் வருகிறேன் என்றிருக்கிறார்.